நாயோடு அமெரிக்காவைக் கடந்தவர்கள்



வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அரும்பொருளகத்தில் பழைய சிவப்புக் கார் ஒன்று இருக்கிறது. அதற்குக் கூரை கிடையாது. முன்கண்ணாடியும் கிடையாது. 1903ஆம் ஆண்டு தயாரான வின்டன் வகைக் கார் அது. 1944இல் அதை அன்பளிப்பாகக் கொடுத்தவர், கூடவே இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுத்தார். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் தூசுக்காக அணியும் கண்ணாடி ஒன்று. ஆனால் அதை அணிந்திருந்தது மனிதர் அல்ல, ஒரு நாய்.

நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை காரிலேயே போவது அமெரிக்கர்களுக்கு ஏறக்குறைய தீர்த்த யாத்திரை மாதிரி. வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அப்படி நடந்த இரண்டு பயணங்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஒன்று 1903இல் நடந்தது, மற்றொன்று 1960இல். முதலாவது கேட்கக் கேட்கச் சிரிப்பாக இருக்கும். இரண்டாவதும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் நடுவழியில், காரில் இருந்த நாயைப் பார்த்து ஒருவர் சொன்ன சொல் அதை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. அமெரிக்கச் சாலை யாருக்குத் திறந்திருந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

முதலில் 1903. ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் ஒரு மருத்துவர். வெர்மாண்ட் மாநிலம், பர்லிங்டன் நகரத்தவர். வயது 31. மனைவி பெர்த்தா செல்வந்தர் வீட்டுப் பெண், ஆகவே பணத்துக்குக் குறைவில்லை. அந்த ஆண்டு மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு காரைப் பற்றித் திரும்பியது. கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான், அதை வைத்துக்கொண்டு நாட்டைக் கடக்க முடியுமா என்று சிலர் ஏளனம் செய்தார்கள். 90 நாளுக்குள் நியூயார்க் போய்ச் சேருகிறேன் என்று ஜாக்சன் 50 டாலர் பந்தயம் கட்டிவிட்டார். அப்போது அவரிடம் சொந்தக் கார் கிடையாது, கார் ஓட்டிப் பெரிய பழக்கமும் கிடையாது!

சில நாள்களிலேயே 3,000 டாலர் கொடுத்து ஒரு வின்டன் காரை வாங்கினார். இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறன், மிஞ்சிப்போனால் மணிக்கு 30 மைல் வேகம். சூவல் கிராக்கர் என்ற 22 வயது இயந்திரப் பழுதுபார்ப்பாளரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். மனைவியை ரயிலில் ஊருக்கு அனுப்பிவிட்டு மே 23ஆம் தேதி இருவரும் புறப்பட்டார்கள்.

அன்றைய அமெரிக்காவை நாம் இன்றைய கண்ணோடு பார்க்கக்கூடாது. நகரங்களுக்கு வெளியே செப்பனிட்ட சாலை என்று பார்த்தால் நாடு முழுவதும் 150 மைல்தான் இருந்தது. மற்றதெல்லாம் மாட்டுவண்டித் தடம், மணல், சேறு. எண்ணெய் நிலையமும் கிடையாது, ஓட்டுநர்களுக்கான வரைபடமும் கிடையாது. நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 770 கிலோமீட்டர். ஜாக்சன் கடந்த தூரம் 7,200 கிலோமீட்டருக்கு மேல். அதாவது அந்த நெடுஞ்சாலையை ஒன்பது முறை கடக்கும் தூரத்தைச் சாலையே இல்லாமல் கடந்திருக்கிறார்.

அவருக்கு முன்பே, 1901இல், கார் உற்பத்தியாளர் அலெக்சாண்டர் வின்டனே இந்த முயற்சியில் இறங்கி நெவாடா மணலில் புதைந்து திரும்பியிருந்தார். ஆகவே ஜாக்சன் அந்தப் பாலைவனத்தைத் தவிர்த்து, வடக்கே ஓரிகன், ஐடஹோ வழியாகச் சுற்றிப் போனார். சேற்றில் இறங்கிய வண்டியை இழுக்கக் கயிறும் கப்பியும் கூடவே இருந்தன. டயர் கிடைக்காத இடங்களில் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி ஓட்டினார்கள். சக்கரத்தின் பேரிங் உடைந்தபோது, ஒரு விவசாயியின் புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து பேரிங்கைக் கழற்றித் தரும்படி கெஞ்சி வாங்கி மாட்டினார் கிராக்கர். கலிஃபோர்னியாவில் வழி கேட்டதற்கு ஒரு பெண் கை காட்டிய திசையில் போய், முட்டுச்சந்தில் மாட்டி, 54 மைல் வீணாயிற்று. ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம்தான் எங்கள் வீட்டார் இருக்கிறார்கள், அவர்கள் காரையே பார்த்ததில்லை என்று பதில் வந்ததாம். அந்தப் பெண்ணை என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ஐடஹோ மாநிலத்தின் கால்டுவெல் ஊரில், ஜூன் மாதம், மூன்றாவது பயணி ஏறினார். வெளிர் நிறப் புல்டாக் நாய், பெயர் பட். ஜாக்சன் மறந்து வைத்துவிட்டு வந்த கோட்டை எடுக்கத் திரும்பிப் போகும் வழியில் ஒருவர் 15 டாலருக்கு அதை விற்றார். முன்கண்ணாடி இல்லாத காரில் உப்புமண் தூசு நாயின் கண்ணைப் புண்ணாக்கியது. அதனால் மனிதர் இருவரும் அணிந்திருந்தது போன்ற கண்ணாடியை அதற்கும் மாட்டிவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்து பாதையைக் கவனித்து, குழி வருவதைப் பார்த்து உடம்பைத் தயார்படுத்திக்கொள்ளவும் பட் பழகிவிட்டது. பயணம் செய்த மூவரில் ஒருமுறைகூடக் கெட்ட வார்த்தை பேசாதவன் பட்தான் என்று ஜாக்சன் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார்.

எல்லாமே வேடிக்கையாக இருந்துவிடவில்லை. வயோமிங்கில் வழி தவறி, 36 மணி நேரம் சாப்பாடில்லாமல் அலைந்தார்கள். கடைசியில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆட்டு இறைச்சியும் சோளமும் கொடுத்து உயிர் காத்தார். அவரிடம் காசு கொடுத்தால் வாங்கமாட்டார் என்பதால் ஜாக்சன் தன் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார்.

இந்தச் செய்தியெல்லாம் தந்தி வழியாகப் பத்திரிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. போகும் ஊரெல்லாம் கூட்டம். காரைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடி போட்ட நாயைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். ஒரு மருத்துவரின் பந்தயமாக இருந்தது ஊர் முழுவதும் கொண்டாடும் கதையாக மாறியதில் பட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஜூலை 26ஆம் தேதி அதிகாலை 4.30 மணிக்கு நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 63 நாள், 12 மணி, 30 நிமிடம். பந்தயத்தில் வென்ற ஜாக்சனுக்கு ஆன செலவு 8,000 டாலர். அந்த 50 டாலரை அவர் வசூலிக்கவே இல்லை.

இது வின்டன் நிறுவனம் இரகசியமாகப் பணம் கொடுத்து நடத்திய விளம்பரம் என்று வதந்தி கிளம்பியது. அதை நிரூபிப்பவருக்கு நிறுவனம் 10,000 டாலரும் ஜாக்சன் 15,000 டாலரும் தருவதாக அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. பட் வெர்மாண்டில் ஜாக்சன் குடும்பத்தோடு வாழ்ந்து முடித்தது. கிராக்கர் பாவம், பத்தே ஆண்டில், 1913இல் இறந்துபோனார்.

அதன் பிறகு சாலைகள் வந்தன. 1919இல் அமெரிக்க இராணுவம் வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வாகன அணியை அனுப்பியபோது 62 நாள் பிடித்தது. ஜாக்சனும் பட்டும் எடுத்துக்கொண்டதைவிட ஒரே ஒரு நாள்தான் குறைவு! அந்த அணியில் சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் டுவைட் ஐசனோவர். சாலையின் அவலத்தை அவர் மறக்கவில்லை. அதிபரானபின் 1956இல் மாநிலங்களை இணைக்கும் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த நெடுஞ்சாலைகள் போடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில்தான் நமது இரண்டாவது பயணி புறப்படுகிறார்.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். பிழைப்புத் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போன ஏழை விவசாயிகளைப் பற்றி 1939இல் நாவல் எழுதியவர். 1960இல் அவருக்கு 58 வயது. உடல்நலம் சரியில்லை. இருபத்தைந்து ஆண்டாக நாட்டைப் பற்றி நினைவிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறோம், நேரில் பார்க்கவில்லை என்ற குறை அவரை அரித்தது. ஒரு சிறு லோரியின் பின்புறத்தில் கட்டிலும் அடுப்பும் மேசையும் உள்ள அறையைக் கட்டச் செய்தார். டான் குயிக்சோட்டின் குதிரையின் பெயரான ரோசினான்டேயை அதற்குச் சூட்டினார். செப்டம்பர் 23ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து கிளம்பினார். துணைக்கு வந்தது சார்லி. பிரான்சில் பிறந்த, பத்து வயதுக் கிழட்டுப் பூடில் நாய்.

நாயை எதற்கு அழைத்துப் போனார்? காவலுக்கு அல்ல. சார்லியின் குரைப்பு பெரிதாக இருந்தாலும் அதற்குச் சண்டை போடத் தெரியாது. அவர் தமது நூலில் சொல்லும் உத்தி மிகவும் சுவையானது. பக்கத்தில் யாராவது கூடாரம் போட்டிருந்தால் சார்லியை அந்தப் பக்கம் மெல்ல விட்டுவிடுவார். சிறிது நேரம் கழித்து, தொந்தரவு செய்துவிட்டதா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே போய் நாயை மீட்பார். பேச்சு தொடங்கிவிடும். மெயின் மாநிலத்தில் உருளைக்கிழங்கு பறிக்க வந்திருந்த கனடாக்காரக் குடும்பத்தோடு அப்படித்தான் நட்பாகி, தமது வண்டியில் உட்கார வைத்து உபசரித்தார். தனியாக ஓர் ஆள் வந்து நின்றால் சந்தேகப்படும் மனிதர்கள், நாயோடு வந்தால் கதவைத் திறக்கிறார்கள்.

சார்லியால் சங்கடங்களும் உண்டு. நயாகரா அருகே கனடா எல்லையில், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாததால், நாயைத் திரும்ப அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள் என்று அதிகாரிகள் எச்சரித்து அனுப்பினார்கள். உலகத்திலேயே பெரிய மரங்களான செம்மரங்களைச் சார்லிக்குக் காட்ட ஆசையோடு அழைத்துப் போனார். நாய்கள் மரத்துக்குச் செய்யும் மரியாதையைச் சார்லி அங்கே செய்யும் என்று எதிர்பார்த்தார். அதுவோ நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சின்னக் குச்சியை வெட்டி அந்த மரத்தின் அடியில் ஊன்றி வைத்த பிறகுதான் காரியம் நடந்தது!

நூல் 1962இல் வந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2010இல் ஒரு பத்திரிகையாளர் அந்தப் பாதையிலேயே பயணம் செய்து ஆராய்ந்தார். ஸ்டைன்பெக் பல இரவுகள் வசதியான விடுதிகளில் தங்கியிருக்கிறார், பயணத்தின் பல பகுதிகளில் அவர் மனைவி உடனிருந்தார், உரையாடல்களில் கற்பனை கலந்திருக்கிறது என்று அவர் எழுதினார். 2012இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையும் அந்நூலை அப்படியே நடந்த உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறது. ஆகவே அந்நூலில் வரும் எந்த உரையாடலையும் நாம் சாட்சியமாகக் கொள்ளக்கூடாது. அடுத்து நான் சொல்லப் போவதில், ஊர் அறிந்த வரலாற்றுப் பகுதியை மட்டும் அவர் நூலை நம்பாமலே சரிபார்க்கலாம்.

டெக்சஸ் மாநிலத்தின் கிழக்கே போமாண்ட் நகரருகே, இரவு நேரத்தில், எண்ணெய் நிரப்ப வண்டியை நிறுத்துகிறார். ஊழியர் ஓட்டுநர் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். அட நாயா, நான் ஒரு கறுப்பனைத்தான் உட்கார வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன் என்கிறார். அவர் பயன்படுத்தியது இதைவிட இழிவான சொல். அதே நகைச்சுவையைத் தென்மாநிலங்களில் இருபது முறையாவது கேட்டதாக ஸ்டைன்பெக் எழுதுகிறார்.

சற்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் ஒருவரின் வண்டியில், அவருக்குப் பக்கத்தில், ஒரு நாய் உட்காரலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருந்தால்தான் விசாரணை!

அங்கிருந்து அவர் நியூ ஆர்லியன்ஸ் போகிறார். நவம்பர் 14ஆம் தேதி அங்கே ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். நீதிமன்ற உத்தரவு அது. மத்திய அரசின் காவலர்கள் அவளைச் சூழ்ந்து அழைத்துச் செல்ல, தாய்மார்கள் தெருவில் நின்று வசை பாடினார்கள். அவர்களுக்குக் கூட்டமும் கைதட்டலும் வேறு. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டதால் அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியை ஒரே மாணவிக்குப் பாடம் நடத்தினார். இதெல்லாம் நூலுக்கு வெளியேயும் பதிவாகியிருக்கும் வரலாறு. அந்தக் காட்சியைப் பார்த்தபின் ஸ்டைன்பெக்குக்கு ஊர் சுற்றும் ஆசை போய்விட்டது. மீதிப் பயணம் வேகவேகமாக வீடு திரும்புவதுதான்.

இப்போது ஒரு கேள்வி எழலாம். கறுப்பினத்தவரிடமும் கார் இருந்ததே, அவர்களும் நாட்டைச் சுற்றியிருப்பார்களே? சுற்றினார்கள். எப்படிச் சுற்றினார்கள் என்பதற்கு ஒரு சிறிய புத்தகம் சாட்சி. ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேடு வெளியிடத் தொடங்கினார். எந்த ஊரில் எந்த விடுதியில் கறுப்பினத்தவருக்கு இடம் கொடுப்பார்கள், எங்கே சாப்பிடலாம், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம், எங்கே கார் பழுது பார்க்கலாம் என்று முகவரிகளைத் தொகுத்தார். எஸ்ஸோ எண்ணெய் நிலையங்களில் அது விற்பனையானது. இந்த நூலே தேவைப்படாத நாள் வரும் என்ற நம்பிக்கையை அவர் முன்னுரையில் எழுதி வைத்தார். அவர் இறந்தது 1960இல், சார்லி ஊர் சுற்றிய அதே ஆண்டில்.

சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, இரவில் தங்காமல் ஓட்டிக்கொண்டே போன குடும்பங்கள் எத்தனையோ. மாலை இருட்டுவதற்குள் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்ற விதியுள்ள ஊர்கள் இருந்தன. அப்படிப்பட்ட ஊர் தென்மாநிலத்தில்தான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. காரில் நாயை ஏற்றிக்கொண்டு, எந்த ஊரில் இருட்டுகிறதோ அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பும் சுகம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

1964 ஜூலை 2ஆம் தேதி குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. விடுதிகளும் உணவகங்களும் இனம் பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது அது. அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதியின் உரிமையாளர் உடனே வழக்குப் போட்டார். என் விடுதியில் யாரைச் சேர்ப்பது என்பது என் இஷ்டம், அதில் தலையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது தெரியுமா? சாலையின்மேல். அந்த விடுதி மாநிலங்களை இணைக்கும் 75ஆம், 85ஆம் எண் நெடுஞ்சாலைகளிலிருந்து எளிதாக வரக்கூடிய இடத்தில் இருக்கிறது, அங்கே தங்குவோரில் நூற்றுக்கு 75 பேர் வெளிமாநிலத்தார், ஆகவே இது மாநிலங்களுக்கிடையிலான வணிகம், அதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். கறுப்பினப் பயணிகளுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி நூல் தேவைப்பட்டதே அவர்களின் துன்பத்துக்குச் சான்று என்றும் அந்தத் தீர்ப்பிலே இருக்கிறது. ஒரு தபால்காரரின் முயற்சி உச்ச நீதிமன்றம் வரை எட்டியிருக்கிறது, பாருங்கள்.

சாலை நல்லது மட்டும் செய்துவிடவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. 1966இல், அதே நியூ ஆர்லியன்ஸில், கறுப்பின மக்களின் கடைத்தெருவாக விளங்கிய கிளைபோர்ன் அவென்யூவின் நடுவே நின்ற ஓக் மரங்களை வெட்டிவிட்டு அதன்மேல் உயர்மட்ட நெடுஞ்சாலை போட்டார்கள். விடுதிக் கதவைத் திறக்கக் காரணமான அதே நெடுஞ்சாலைத் திட்டம்தான் அந்த மக்களின் தெருவுக்கும் நிழல் இல்லாமல் செய்தது.

கிரீன் கையேட்டின் கடைசிப் பதிப்பு 1966-67ஆம் ஆண்டுக்கு வந்தது. ஸ்டைன்பெக்கின் ரோசினான்டே இன்று அவர் பிறந்த சலீனாஸ் நகரில் கண்ணாடி போலத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையேடுகளோ ஹார்லெமில், நியூயார்க் பொது நூலகத்தின் ஷோம்பர்க் மையத்தில் இருக்கின்றன. பக்கங்களைப் படமெடுத்து இணையத்திலும் போட்டிருப்பதால் நேயர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஊர்ப் பெயர், அதன் கீழே முகவரிகள். பெரிய நகரங்களுக்கு நீண்ட பட்டியல் இருக்கும். சிறிய ஊர்களில் விடுதியே இருக்காது. தன் வீட்டில் ஓர் அறையை வழிப்போக்கருக்கு ஒதுக்கித் தந்த யாரோ ஓர் அம்மாளின் பெயரும் தெரு எண்ணும் மட்டும் இருக்கும்.